எச்.ஐ.வி.யும் குழந்தைகளின் நோய் எதிர்ப்பாற்றலும்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986 ஆம் ஆண்டில், சென்னையிலேயாகும். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலின்கீழ், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டபோது இவ்வுண்மை வெளிப்பட்டது. அன்று இது வளர்ந்தோரைப் பற்றும் நோயாகவே கருதப்பட்டது. ஆனால் தொற்றுற்ற தாய்மார்களிடமிருந்து அவர்கள் ஈன்ற மகவுகளுக்கும் அது செல்வது விரைவில் தெளிவாயிற்று. அவ்வாறு தொற்றுற்ற குழந்தைகளிடம் நோயின் போக்கு, பெரியவர்களிடம் காணப்பட்ட போக்கினின்று பெரிதும் மாறுபட்டிருந்தது.

இம்மாறுபாடு ஆய்வுக்கூடத்திற்கு மட்டுமே உரிய செய்தியன்று. நலத்துறைப் பணியாளர் ஒருவர் எந்த வாரத்தில் எந்தச் சோதனையைச் செய்ய வேண்டும், எந்த மருந்தை எப்போது தொடங்க வேண்டும் என்பனவெல்லாம் இதைப் பொறுத்தே அமைகின்றன. ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ள சத்தியவேடு போன்ற பகுதிகளில் இதன் முக்கியத்துவம் இன்னும் மிகுதி. அங்கு ஒரு குழந்தையின் தாய் பதிவு பெற்ற மாநிலம் ஒன்றாகவும், குழந்தை பிறந்த மாநிலம் மற்றொன்றாகவும் இருக்கக்கூடும். கிருமியோ மாநில எல்லையை அறியாது. குழந்தையின் வயதை மட்டுமே அறியும்.

எதிர்ப்பாற்றல் இயங்கும் விதம்

மனித உடலில் நோய்க்கிருமி புகுந்தவுடன் அதனை எதிர்க்க இருவகை ஏற்பாடுகள் செயற்படுகின்றன. முதலாவது, பிறவியிலேயே அமைந்த பொதுவான எதிர்ப்பாற்றல். கிருமி எதுவாயினும் இது உடனே எதிர்த்து நிற்கும். இரண்டாவது, குறிப்பிட்ட கிருமியை இனங்கண்டு, அதற்கெனவே உருவாகி, பின்னர் அதனை நினைவிலும் இருத்திக்கொள்ளும் எதிர்ப்பாற்றல். இரண்டாவது வகையில் மூன்று அணுக்கூட்டங்கள் முக்கியமானவை. பி அணுக்கள் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகின்றன. சி.டி.8 அணுக்கள் கிருமி புகுந்த அணுக்களைத் தேடி அழிக்கின்றன. சி.டி.4 அணுக்கள் இவ்விரண்டையும் ஊக்குவித்து ஒழுங்குபடுத்துகின்றன.

எச்.ஐ.வி. குறிவைத்துத் தாக்குவது இந்தச் சி.டி.4 அணுக்களையே. அஃதாவது, எதிர்ப்பை நடத்திச் செல்லும் அணுக்களையே அது அழிக்கிறது. ஆகவே இக்கிருமி உடலில் புகும் நேரத்தில் எதிர்ப்பாற்றல் எந்த நிலையில் இருக்கிறது என்பது நோயின் பிற்போக்கு முழுவதையும் பாதிக்கிறது. முப்பது வயதினர் ஒருவரின் எதிர்ப்பாற்றல் பல கிருமிகளைச் சந்தித்துப் பழகியது. ஒரு நாள் குழந்தையினுடையதோ உலகை அப்போதுதான் காணத் தொடங்குகிறது.

வளர்ந்தோரிடம் நோயின் போக்கு

வளர்ந்த ஒருவரிடம் கிருமி புகுந்த சில வாரங்களில் இரத்தத்தில் அதன் அளவு மிக உயர்ந்து உச்சத்தை அடைகிறது. அப்போது சி.டி.8 அணுக்கள் பெருகி எழுந்து, தொற்றுற்ற அணுக்களை அழிக்கத் தொடங்குகின்றன. இதன் பயனாகக் கிருமியின் அளவு சில மாதங்களுக்குள் பன்மடங்கு குறைந்து, ஏறத்தாழ ஒரு நிலையில் நின்றுவிடுகிறது. கிருமி முற்றிலும் ஒழிவதில்லை. எனினும் ஒரு கட்டுக்குள் நிற்கிறது. சிகிச்சை ஏதும் பெறாத வளர்ந்தோரிடம் தொற்று ஏற்பட்டதிலிருந்து எய்ட்ஸ் நிலை தோன்றுவதற்குச் சராசரியாக 8 முதல் 10 ஆண்டுகள் ஆவதற்கு இதுவே காரணமாகும்.

இந்த இடைவெளி ஆட்சித்துறைக்கும் ஓர் அவகாசத்தைத் தந்தது. தொற்று சற்றுத் தாமதமாகக் கண்டறியப்பட்டாலும் சிகிச்சைக்கு இடமிருந்தது. இந்த அனுபவத்தின் அடிப்படையிலேயே தொடக்க காலத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. ஆனால் அதே கணக்கு குழந்தைக்குப் பொருந்தவில்லை.

குழந்தைகளிடம் நோயின் போக்கு

தாயிடமிருந்து தொற்றுற்ற குழந்தையின் இரத்தத்தில் கிருமியின் அளவு பிறந்த முதல் இரண்டொரு மாதங்களில் விரைந்து உயர்கிறது. ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் பல இலட்சம் என்ற அளவை அது எட்டுவதுண்டு. வளர்ந்தோரிடம் காணப்படும் விரைவான இறக்கம் இங்கு நிகழ்வதில்லை. அளவு மெல்ல மெல்லக் குறைந்து ஒரு நிலைக்கு வரச் சில ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் பல குழந்தைகள் உயிரிழந்துவிடுகின்றனர். ஆப்பிரிக்க நாடுகளில் நடைபெற்ற பல ஆய்வுகளைத் தொகுத்து 2004 இல் வெளியிடப்பட்ட கணக்கின்படி, சிகிச்சையின்றி விடப்பட்ட தொற்றுற்ற குழந்தைகளுள் மூன்றில் ஒரு பங்கினர் முதலாண்டு நிறைவுக்கு முன்னரும், ஏறத்தாழப் பாதிப் பேர் இரண்டாம் ஆண்டு நிறைவுக்கு முன்னரும் இறந்தனர். வளர்ந்தோரிடம் பத்தாண்டுகளில் நிகழ்வது குழந்தையிடம் பத்து மாதங்களில் நிகழ்ந்துவிடுகிறது எனலாம்.

இதற்கான காரணங்கள் பல. அவற்றுள் மூன்று முதன்மையானவை.

முதற்காரணம், கருப்பையில் குழந்தை கற்ற பொறுமை. கருவிலுள்ள குழந்தையின் உடலில் பாதிக் கூறுகள் தந்தையுடையவை. தாயின் உடலும் குழந்தையின் உடலும் ஒன்றையொன்று அயலெனக் கருதித் தாக்கினால் கரு நிலைக்காது. ஆகவே கருவின் எதிர்ப்பாற்றல், எதிர்ப்பதைவிட அடங்கியிருப்பதற்கே முதலில் பழக்கப்படுகிறது. எதிர்ப்பை அடக்கி ஒழுங்குபடுத்தும் அணுக்கள் அதன் இரத்தத்தில் மிகுதி. பிறந்த பின்னரும் சில காலம் இந்நிலை நீடிக்கிறது. உயிர் தரித்திருக்க உதவிய அப்பொறுமையே எச்.ஐ.வி. போன்ற கிருமியின்முன் பலவீனமாகிவிடுகிறது.

இரண்டாம் காரணம், அனுபவமின்மை. பிறந்த குழந்தையின் இரத்தத்திலுள்ள அணுக்களுள் பெரும்பாலானவை இதுவரை எக்கிருமியையும் சந்திக்காதவை. கிருமியின் வரவை அறிவித்து ஏனைய அணுக்களைத் தூண்டும் அணுக்களும் வளர்ந்தோரிடம் உள்ள அளவுக்குத் தூண்டுபொருள்களைச் சுரப்பதில்லை. எனவே சி.டி.8 அணுக்களின் எதிர்த்தாக்குதல் முதல் மாதங்களில் வலுவற்றதாகவும், கிருமியின் சில கூறுகளை மட்டுமே குறிவைப்பதாகவும் உள்ளது.

மூன்றாம் காரணம், தாயிடமிருந்து வரும் கிருமியின் தன்மை. ஒவ்வொருவரின் அணுக்களிலும் எச்.எல்.ஏ. எனப்படும் அடையாளப் புரதங்கள் உள்ளன. கிருமியின் எப்பகுதியைக் குறிவைப்பது என்பதை இவையே தீர்மானிக்கின்றன. குழந்தை இவற்றில் பாதியைத் தாயிடமிருந்து பெறுகிறது. தாயின் உடலில் பல ஆண்டுகள் வாழ்ந்த கிருமி, தாயின் எதிர்ப்பிலிருந்து தப்பும் வகையில் தன்னை மாற்றிக்கொண்டிருக்கும். அதே அடையாளங்களைக் கொண்ட குழந்தையின் உடலில் அது புகும்போது, பூட்டின் ஒரு பாதியைத் திறக்கும் திறவுகோலுடனேயே வந்து சேர்கிறது. வளர்ந்தவர் ஒருவர் உறவினரல்லாத மற்றொருவரிடமிருந்து தொற்றுப் பெறும்போது கிருமிக்கு இந்த வசதி பெரும்பாலும் கிட்டுவதில்லை.

எண் ஒன்று, பொருள் இரண்டு

குழந்தைக்கும் வளர்ந்தோருக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் எளிதில் உணர்வதற்குச் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கையே தக்க சான்று. உடல்நலமுள்ள வளர்ந்தோர் ஒருவரின் ஒரு கன மில்லி மீட்டர் இரத்தத்தில் இவ்வணுக்கள் ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை இருக்கும். உடல்நலமுள்ள கைக்குழந்தைக்கோ இந்த எண்ணிக்கை 3,000 அளவில் இருப்பது இயல்பு. வயது ஏற ஏற இது குறைந்து, ஐந்தாம் வயதையொட்டி வளர்ந்தோரின் அளவை நெருங்குகிறது.

இரத்தச் சோதனை அறிக்கையொன்றில் சி.டி.4 எண்ணிக்கை 1,000 என்று குறிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அது வளர்ந்தவருடையதாயின் அச்சத்திற்கு இடமில்லை. அதுவே எட்டு மாதக் குழந்தையினுடையதாயின் நிலைமை கவலைக்கிடமானது. உலக சுகாதார நிறுவனம் 2006 இல் வெளியிட்ட வகைப்பாட்டின்படி, ஓராண்டு நிரம்பாத, தொற்றுற்ற குழந்தையிடம் இவ்வெண்ணிக்கை 1,500க்குக் கீழே இறங்கினாலே கடுமையான எதிர்ப்பாற்றல் குறைவாகக் கொள்ளப்பட்டது. எண்ணிக்கை வயதோடு மாறுவதால், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அணுக்களின் விழுக்காடே நம்பத்தக்க அளவுகோலாகக் கருதப்படுகிறது. ஓராண்டுக்குட்பட்டோருக்கு 25 விழுக்காடும், ஒன்று முதல் மூன்று வயதுக்குட்பட்டோருக்கு 20 விழுக்காடும், மூன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு 15 விழுக்காடும் அந்த வகைப்பாட்டில் எல்லைகளாக வகுக்கப்பட்டன. வயதைக் குறிக்காத சோதனை அறிக்கை, குழந்தையைப் பொறுத்தவரை பொருளற்ற அறிக்கையாகும்.

தாய் தந்த எதிர்ப்பொருள்கள்

கருவுற்ற காலத்தின் பிற்பகுதியில் தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையை அடைகின்றன. முதல் மாதங்களில் பல நோய்களினின்று குழந்தையைக் காப்பது இந்தத் தாய்ச்சீரே. ஆனால் எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை இதனால் ஒரு சிக்கல் எழுகிறது. வளர்ந்தோருக்கு வழக்கமாகச் செய்யப்படும் சோதனை, கிருமியைத் தேடுவதன்று. கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடுவது. தொற்றுற்ற தாயின் குழந்தையிடம் இச்சோதனையைச் செய்தால், குழந்தைக்குத் தொற்று இல்லாவிடினும், தாய் தந்த எதிர்ப்பொருளால் தொற்று இருப்பதாகவே முடிவு காட்டும். தாயின் எதிர்ப்பொருள்கள் குழந்தையின் உடலிலிருந்து முற்றிலும் மறைய 18 மாதங்கள் வரை ஆகலாம்.

எனவே, கிருமியின் மரபுப் பொருளையே நேரடியாகத் தேடும் பி.சி.ஆர். சோதனை குழந்தைகளுக்குத் தேவைப்படுகிறது. குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கப்படும் சில துளி இரத்தத்தைத் தனிவகைத் தாளில் உலர்த்தி, உரிய ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினால் போதும். குளிர்பதன வசதி இல்லாத சிற்றூரிலிருந்தும் இதனை அனுப்பலாம் என்பது இம்முறையின் சிறப்பு. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2010 முதல் இச்சோதனையை நாட்டில் நடைமுறைப்படுத்தி வருகிறது. பிறக்கும்போது தொற்றுற்ற குழந்தையிடம் கிருமி உடனே தென்படாமல் போகலாம் ஆதலால், முதற்சோதனை ஆறாவது வாரத்தில் செய்யப்படுகிறது. தாய்ப்பால் வழியாகவும் தொற்று ஏற்படக்கூடும் என்பதால் 6, 12, 18 ஆம் மாதங்களிலும் சோதனைகள் தொடர்கின்றன. முதற்சோதனையில் தொற்று இல்லை என்று தெரிந்ததுமே கண்காணிப்பைக் கைவிடுவது பெருந்தவறாகும்.

இதற்கு நேர்மாறான மற்றொரு நிலையும் உண்டு. பிறந்த சில வாரங்களிலேயே சிகிச்சை தொடங்கப்பெற்ற, தொற்றுற்ற குழந்தைகளுள் சிலரிடம், தாயின் எதிர்ப்பொருள்கள் மறைந்தபின் தமக்கென எதிர்ப்பொருள்கள் உருவாவதில்லை. கிருமி மருந்தால் அடங்கிக் கிடப்பதால் எதிர்ப்பொருளை உண்டாக்கும் தூண்டுதல் எழுவதில்லை. இத்தகைய குழந்தைக்கு 18 ஆம் மாதத்தில் எதிர்ப்பொருள் சோதனை செய்தால் தொற்று இல்லை என்றே காட்டக்கூடும். அதனை நம்பிச் சிகிச்சையை நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும். ஆகவே அக்குழந்தையின் முந்தைய பி.சி.ஆர். முடிவு தாயின் கையிலும் மையத்தின் பதிவேட்டிலும் இருத்தல் இன்றியமையாதது.

குழந்தைகளிடம் காணப்படும் தனி வலிமைகள்

குழந்தையின் எதிர்ப்பாற்றல் எல்லா வகையிலும் குறைபாடுடையது என்று கருதிவிடலாகாது. அண்மைக்கால ஆய்வுகள் அதன் சில தனி வலிமைகளையும் வெளிக்கொணர்ந்துள்ளன.

அவற்றுள் ஒன்று எதிர்ப்பொருள்களின் வீச்சு. எச்.ஐ.வி. தன் புறத்தோற்றத்தை இடைவிடாது மாற்றிக்கொள்வதால், ஒரு வகைக் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் மற்றொரு வகையைத் தடுப்பதில்லை. பல வகைகளையும் ஒருசேரத் தடுக்கவல்ல பரந்த வீச்சுடைய எதிர்ப்பொருள்கள் வளர்ந்தோருள் சிலரிடம் மட்டுமே, அதுவும் தொற்றுற்றுச் சில ஆண்டுகள் கழிந்த பின்னரே தோன்றுகின்றன. ஆனால் கென்யாவின் நைரோபி நகரில் தொற்றுற்ற குழந்தைகளிடம் சேகரிக்கப்பட்ட மாதிரிகளை ஆராய்ந்து 2014 இல் வெளியிடப்பட்ட முடிவுகள், இவை பல குழந்தைகளிடம் இளம் பருவத்திலேயே தோன்றுவதைக் காட்டின. புது தில்லியில் உள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்களும் இந்தியக் குழந்தை ஒன்றிடமிருந்து இத்தகைய எதிர்ப்பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்து 2020 இல் அறிவித்தனர். எய்ம்ஸ் பி01 என்பது அதன் பெயர். தொற்றுற்ற குழந்தையை இவ்வெதிர்ப்பொருள்கள் தாமாகவே காப்பாற்றிவிடுவதில்லை. எனினும் எதிர்காலத் தடுப்பூசியை எந்த வயதில் தொடங்குவது நலம் என்ற வினாவுக்கு இவை விடை தேட உதவுகின்றன.

மற்றொன்று, கிருமியோடு ஒத்து வாழும் நிலை. சிகிச்சையின்றியே நெடுங்காலம் நோய்வாய்ப்படாத சிறுபான்மையினர் இரு சாராரிடமும் உண்டு. ஆனால் வழி வேறு. வளர்ந்தோருள் நூற்றில் ஒருவருக்கும் குறைவானோர், வலுமிக்க சி.டி.8 அணுக்களால் கிருமியை அடக்கி வைக்கின்றனர். தாயிடமிருந்து தொற்றுற்ற குழந்தைகளுள் 5 முதல் 10 விழுக்காட்டினரோ, இரத்தத்தில் கிருமி மிகுந்திருந்தும் சி.டி.4 அணுக்களை இழக்காமல் வளர்கின்றனர். அவர்களுடைய எதிர்ப்பாற்றல் ஓயாது கிளர்ந்தெழுந்து களைப்படைவதில்லை. இதேவகைக் கிருமியை இயற்கையாகச் சுமந்தும் நோயுறாத சில ஆப்பிரிக்கக் குரங்கினங்களின் நிலையை இது ஒத்திருப்பதாக 2016 இல் வெளிவந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. ஆனால் எந்தக் குழந்தை இச்சிறுபான்மையில் சேரும் என்று முன்கூட்டி அறிய இயலாது. ஆதலால் இதனை நம்பி எக்குழந்தைக்கும் மருந்தைத் தள்ளிப்போடலாகாது.

மூன்றாவது வலிமை தைமஸ் சுரப்பி. புதிய எதிர்ப்பு அணுக்கள் பக்குவம் பெறும் இச்சுரப்பி குழந்தைப் பருவத்தில் மிகுந்த ஆற்றலுடன் இயங்குகிறது. வயது ஏற ஏறச் சுருங்குகிறது. ஆகவே உரிய காலத்தில் மருந்து தொடங்கப்பெற்ற குழந்தையின் எதிர்ப்பாற்றல் வளர்ந்தோருடையதைவிட நிறைவாக மீள்கிறது. விரைந்து சாய்வதும் குழந்தையே. கைகொடுத்தால் விரைந்து எழுவதும் குழந்தையே.

தடுப்பூசிகளும் துணை நோய்களும்

வயதுக்கேற்ப எதிர்ப்பாற்றல் மாறுவதற்குச் சத்தியவேட்டுக்கு அண்மையிலேயே ஒரு பழைய சான்று உண்டு. இன்றைய திருவள்ளூர் மாவட்டப் பகுதியில், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், 1968 இல் பி.சி.ஜி. தடுப்பூசி பற்றிய பேராய்வு ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் நடத்திய இவ்வாய்வு சுமார் இரண்டரை இலட்சம் மக்களை உள்ளடக்கியது. வளர்ந்தோருக்கு நுரையீரல் காசநோயினின்று இத்தடுப்பூசி பாதுகாப்பளிக்கவில்லை என்பதே அதன் முடிவு. பதினைந்தாண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவுகள் 1999 இல் வெளியாயின. ஆயினும் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய் வகைகளினின்று பி.சி.ஜி. காப்பளிக்கிறது என்பதைப் பிற ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன. அதனாலேயே பிறந்தவுடன் அது போடப்படுகிறது.

எச்.ஐ.வி. தொற்றுற்ற குழந்தைக்கு இங்கும் ஒரு விலக்கு உண்டு. பி.சி.ஜி. உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட கிருமியைக் கொண்டது. எதிர்ப்பாற்றல் சிதைந்த உடலில் அதுவே பரவி நோயாகக்கூடும். எனவே, தொற்றுறுதியாகி இன்னும் சிகிச்சையால் நிலைப்படாத குழந்தைக்கு அதனைப் போடலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2007 இல் அறிவுறுத்தியது. தட்டம்மைத் தடுப்பூசியில் வேறுவகைச் சிக்கல் எழுகிறது. சிகிச்சை பெறாத குழந்தையிடம் அத்தடுப்பூசியின் பயன் குறைவாக உள்ளது. கிட்டிய பயனும் விரைவில் தேய்கிறது. சிகிச்சையால் எதிர்ப்பாற்றல் மீண்டபின் கூடுதல் தவணை ஒன்று தேவைப்படுவது இதனாலேயே.

துணைத் தொற்றுகளிலும் வேறுபாடு காண்கிறோம். நியூமோசிஸ்டிஸ் எனப்படும் நுரையீரல் அழற்சி வளர்ந்தோரிடம் நோய் முற்றிய நிலையிலேயே தோன்றுகிறது. கைக்குழந்தையையோ மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே அது தாக்குகிறது. எனவே, தொற்றுற்ற தாயின் குழந்தை ஒவ்வொன்றுக்கும், சோதனை முடிவுக்குக் காத்திராமல், ஆறாவது வாரம் முதலே கோட்ரைமாக்சசோல் மருந்து தரப்படுகிறது. விலை மலிவான இம்மருந்து, தொற்றுற்ற குழந்தைகளின் இறப்பை 43 விழுக்காடு குறைத்ததாக ஜாம்பியா நாட்டில் நடைபெற்று 2004 இல் வெளியான ஆய்வு காட்டியது.

மருந்துச் சிகிச்சையும் காலக் கணக்கும்

இவ்வேறுபாடுகள் அனைத்தும் சிகிச்சை தொடங்கும் காலத்தையே சென்று சேர்கின்றன. தென்னாப்பிரிக்காவில் நடைபெற்று 2008 இல் வெளியான ஆய்வொன்று இதனை ஐயத்திற்கிடமின்றி நிறுவியது. தொற்றுற்ற கைக்குழந்தைகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு ஏறத்தாழ ஏழாவது வாரத்திலேயே ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து தொடங்கப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு, வளர்ந்தோருக்கு அந்நாளில் பின்பற்றப்பட்டதைப்போல, நோய்க்குறிகள் தோன்றும்வரை அல்லது சி.டி.4 குறையும்வரை காத்திருந்து தொடங்கப்பட்டது. முதற்பிரிவில் 4 விழுக்காட்டினரும் இரண்டாம் பிரிவில் 16 விழுக்காட்டினரும் இறந்தனர். உடன் தொடங்கிய சிகிச்சை, நான்கு இறப்புகளில் மூன்றைத் தவிர்த்தது. அதுமுதல், தொற்றுறுதியான கைக்குழந்தை அனைத்திற்கும் உடனே சிகிச்சை என்பது உலகெங்கும் நெறியாயிற்று.

மிக விரைந்து தொடங்குவதால் கிருமி உடலில் ஒளிந்துகொள்ளும் இடங்களும் குறைகின்றன. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 2010 இல் பிறந்த ஒரு குழந்தைக்குப் பிறந்து 30 மணி நேரத்திற்குள் சிகிச்சை தொடங்கப்பட்டது. பின்னர் இடையில் மருந்து நின்றபோதும் 27 மாதங்கள் கிருமி தென்படவில்லை. ஆயினும் 2014 இல் அது மீண்டும் தோன்றியது. விரைந்த சிகிச்சையின் வலிமையையும், மருந்தை நிறுத்துவதன் ஆபத்தையும் இந்நிகழ்ச்சி ஒருங்கே உணர்த்துகிறது.

இந்தியாவில் தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதைத் தடுக்கும் திட்டம் 2002 இல் தொடங்கியது. 2004 ஏப்ரல் 1 முதல் இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சை அளிக்கப்பட்டது, முதற்கட்ட எட்டு மையங்களுள் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. குழந்தைகளுக்கென்றே தனிச் சிகிச்சைத் திட்டம் 2006 நவம்பர் 30 அன்று தொடங்கப்பெற்றது. 2014 முதல், தொற்றுற்ற கர்ப்பிணிகள் அனைவருக்கும், சி.டி.4 எண்ணிக்கை எதுவாயினும், வாழ்நாள் முழுவதற்குமான சிகிச்சை வழங்கப்படுகிறது. தடுப்பு முயற்சி ஏதுமின்றி விட்டால் 15 முதல் 45 விழுக்காடு குழந்தைகளுக்குத் தொற்று ஏற்படும். தாய்க்கு உரிய காலத்தில் மருந்தும், பிறந்த குழந்தைக்குக் குறைந்தது ஆறு வாரம் தடுப்பு மருந்தும் தந்தால் அதனை 5 விழுக்காட்டுக்கும் கீழே கொணரலாம். தாய்ப்பாலூட்ட விரும்பும் தாய் முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே தருவது நன்று. பிற உணவுகளைக் கலந்து தந்தால் குழந்தையின் குடற்சுவர் புண்பட்டுக் கிருமிக்கு வழி திறக்கிறது.

எனினும் குழந்தைகள் இன்னும் பின்தங்கியே நிற்கின்றனர். ஐக்கிய நாடுகள் எய்ட்ஸ் அமைப்பின் 2023 ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உலகில் தொற்றுற்ற வளர்ந்தோருள் 77 விழுக்காட்டினர் சிகிச்சை பெற்றனர். குழந்தைகளுள் 57 விழுக்காட்டினரே பெற்றனர். தொற்றுற்றோர் தொகையில் குழந்தைகள் சுமார் 3 விழுக்காடு. இறந்தோர் தொகையிலோ 12 விழுக்காடு.

எல்லைப்புற மண்டலத்தின் தேவைகள்

சத்தியவேடு வட்டாரத்தின் வரலாறே எல்லையின் வரலாறு. 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தின்படி திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களைச் சேர்ந்த பல ஊர்கள் ஆந்திரத்தோடு இணைந்தன. அவற்றைச் சார்ந்தே சத்தியவேடு வட்டாரம் அமைந்தது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த இம்மண்டலம் 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் இவ்வூர்களுக்கும் ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டிப் பகுதிகளுக்கும் கொள்வினை கொடுப்பினை உண்டு. ஸ்ரீ சிட்டி தொழில் நகரம் எழுந்தபின் வேலை தேடி வந்து குடியேறுவோரும் பெருகியுள்ளனர்.

தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்வது இருமொழி மக்களுக்கும் பொதுவான மரபு. வளைகாப்புக்குப் பின் பிறந்தகம் செல்லும் பெண், குழந்தை பிறந்து சில மாதங்கள் கழிந்தே கணவன் வீடு திரும்புவாள். மேலே கூறிய அட்டவணையை இம்மரபோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஆறாவது வாரச் சோதனையும், கோட்ரைமாக்சசோல் தொடக்கமும், தடுப்பு மருந்தின் இறுதித் தவணையும் அவள் தாய்வீட்டில் இருக்கும் நாட்களிலேயே வருகின்றன. அவளைப் பதிவு செய்த பணியாளர் ஒரு மாநிலத்திலும் குழந்தை மற்றொரு மாநிலத்திலும் இருக்கும் நாட்கள் அவையே. குழந்தையின் எதிர்ப்பாற்றல் மிக வலுக்குறைந்திருக்கும் வாரங்களும் அவையே.

எனவே எல்லைப்புற மண்டலங்களில் சில ஏற்பாடுகள் தேவை. தாய்வீடு செல்லும் நாளையும் ஊரையும் முன்னரே கேட்டறிந்து, அங்குள்ள மையத்திற்கு அவளுடைய இசைவுடன் தெரிவித்தல் வேண்டும். தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்று வழங்கும் ஆலோசனைப் பரிசோதனை மையமும் ஆந்திரத்தில் உள்ள அதேவகை மையமும் ஒன்றன் சோதனைச் சீட்டை மற்றொன்று ஏற்றுத் தொடர்தல் வேண்டும். குழந்தையின் பிறந்த தேதி, தரப்பட்ட மருந்து, பி.சி.ஆர். மாதிரி எடுத்த நாள், முடிவு ஆகிய நான்கும் தாயிடம் உள்ள அட்டையில் இரு மாநிலப் பணியாளரும் படித்தறியும் வகையில் எழுதப்படுதல் வேண்டும். முடிவு வந்ததும் தாய் எங்கிருந்தாலும் அது அவளைச் சென்றடைதல் வேண்டும். தொற்றுறுதியானால் திருப்பதியிலோ தமிழ்நாட்டிலோ, அவளுக்கு அணித்தான ஏ.ஆர்.டி. மையத்தில் அவ்வாரமே சிகிச்சை தொடங்குதல் வேண்டும்.

இத்தகவல்கள் கைமாறும்போது மறைகாப்பு பேணப்படுதல் சட்டக் கடமையுமாகும். 2017 இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவருடைய தொற்று நிலையை அவரது இசைவின்றி வெளியிடுவதையும், தொற்றுற்றோரைப் பாகுபடுத்துவதையும் தடை செய்கிறது. ஊரார் அறிந்துவிடுவர் என்ற அச்சத்தால் ஒரு தாய் ஆறாவது வாரச் சோதனைக்கு வராது போனால், அந்த இழப்பு குழந்தைக்கே. ஆகவே மறைகாப்பும் சிகிச்சையின் ஒரு கூறேயாகும்.

முடிவுரை

எச்.ஐ.வி. குழந்தையிடமும் வளர்ந்தோரிடமும் ஒன்றே. அதனை எதிர்கொள்ளும் உடல்தான் வேறு. வளர்ந்தவரின் எதிர்ப்பாற்றல் கிருமியைச் சில ஆண்டுகள் தடுத்து நிறுத்துகிறது. அதற்குள் சோதனையும் சிகிச்சையும் அவரை வந்தடையலாம். குழந்தையின் எதிர்ப்பாற்றலால் அவ்வாறு காலம் வாங்கித் தர இயலாது. அந்தக் காலத்தை ஆட்சித்துறையும் நலத்துறைப் பணியாளருமே தம் விரைவினால் ஈடுசெய்தாக வேண்டும். ஆறாவது வாரத்தில் எடுக்கப்படும் சில துளி இரத்தமும், அதன் முடிவு தாயின் கையை அடையும் வேகமும் ஒரு குழந்தையின் ஆயுளை நிர்ணயிக்கின்றன. அவ்வாறு காக்கப்பட்ட குழந்தைகள் இன்று பள்ளி சென்று, கல்வி கற்று, இளைஞராக வளர்ந்து வருகின்றனர். எல்லைக்கு இருபுறமும் உள்ள பணியாளர்கள் குழந்தையின் வயதை வாரங்களில் கணக்கிட்டுச் செயற்படுவார்களாயின், அடுத்த தலைமுறை இத்தொற்றின்றிப் பிறந்து வளர்வது கைகூடும்.